தித்திப்பு என்று சொன்ன தேன்சிட்டு

மழை ஏமாற்றிவிட்டுப் போன வருஷம் அது. மலையடிவாரத்துக் காடு ஒன்றில், தை முடியும் முன்பே ஓடை வற்றிவிட்டது. மாசி பிறந்தபோது மரங்களில் இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எங்கே பார்த்தாலும் குச்சி, புழுதி, பாறை.

அந்தக் காட்டில் ஒரே ஒரு முருக்கமரம், அதாவது முள்முருங்கை, இருந்தது. ஓடைக்கரை மணலுக்குள் ஆழமாக வேர் விட்டு நின்றது. மற்ற மரங்கள் எல்லாம் வெறும் கொம்பாக நிற்க, அது மட்டும் உச்சி முதல் அடிக்கிளை வரை சிவப்பாகப் பூத்தது. இலை கிடையாது. முழுக்க முழுக்கப் பூ.

பசியோடு இருப்பவர்களுக்குப் பூவால் என்ன பயன் என்று கேட்பீர்கள், குழந்தைகளே. எனக்கும் தெரியாது. ஆனால் அந்தக் காட்டு விலங்குகள் விடிந்ததும் ஓடை மணலுக்கு வந்துவிடும். வரிசையாக உட்கார்ந்து மரத்தை அண்ணாந்து பார்க்கும். இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நேரத்தில் மட்டும் அவற்றுக்குத் தோன்றும். பிறகு எழுந்து காய்ந்த புல்லைத் தேடிப் போகும்.

இதற்குப் பூப்பார்த்தல் என்று பெயர். யாரும் கிளையைத் தொடுவதில்லை. கீழே விழுந்த பூவை மானும் முயலும் தின்னும். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு தேன்சிட்டுக்கு அந்த மரம் வேடிக்கை பார்க்கும் பொருள் அல்ல. அது ஓடைக்கு அந்தப் பக்கம் ஓர் இலந்தைப் புதரில் கூடு கட்டி, இரண்டு குஞ்சுகள் பொரித்திருந்தது. ஆண்சிட்டை வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. குஞ்சுகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. முருக்கம்பூவில் தேன் இருந்தது. தேனைத் தேடி வரும் பொடிப் பூச்சிகளும் இருந்தன. தேன் தாய்க்கு, பூச்சி குஞ்சுகளுக்கு. காட்டில் வேறு பூவே இல்லை. குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கும் வரை அந்த மரம் பூத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கூட்டில் உயிர் தங்காது.

இந்தத் தேன்சிட்டுக்கு ஒரு குணம். எவர் மனமும் நோகும்படி அதற்கு ஒரு வார்த்தை சொல்ல வராது. காக்கையிடம்கூட, "காலையில உங்க குரல் கேட்டா ஒரு தெம்புதான்" என்று சொல்லும். காடே அதை நல்லவள் என்று சொன்னது. அந்தப் பெயர் தேன்சிட்டுக்கும் பிடித்திருந்தது.

ஒருநாள் பூப்பார்க்க வந்த குரங்கு சும்மா இருக்கவில்லை.

"தினமும் இவ்வளவு தூரம் நடந்து வந்து பார்க்கணுமா? இந்தப் பூ நம்ம வீட்டு வாசல்ல இருந்தா எப்படி இருக்கும்!" என்றது.

"மரம் நடந்து வருமா அண்ணே?" என்று மான் கேட்டது.

"மரம் எதுக்கு? கிளை வந்தாப் போதும். காட்டோரத் தோட்டத்துல மனுஷங்க முருக்கம்போத்தை ஒடிச்சு வேலியில நடறதை நான் பார்த்திருக்கேன். நட்ட குச்சி மரமாயிடுது. அதுக்குக் கைராசி வேணும். எனக்கு அது உண்டு."

குரங்கு பார்த்தது உண்மைதான். ஆனால் பாதியைத்தான் பார்த்திருந்தது. அந்த மனிதர்கள் போத்து நடுவது நல்ல மழைக்காலத்தில். அதுவும் பூவோ மொட்டோ இல்லாத கிளையாகப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். பெருமையடிப்பவர்களுக்கு முழுதாகப் பார்க்கப் பொறுமை ஏது?

சொல்லிக்கொண்டே குரங்கு மரத்தில் ஏறியது. மொட்டும் பூவுமாக அடர்ந்திருந்த கிளை ஒன்றைச் சடக்கென்று ஒடித்தது. முள் குத்தியதைக்கூடப் பொருட்படுத்தாமல் தோளில் போட்டுக்கொண்டு போய், தன் பாறைக்கு முன்னால் குழி பறித்து நட்டது.

மறுநாள் காடெல்லாம் அதே பேச்சு. நட்ட கிளை வாடவில்லை! நேற்று மொட்டாக இருந்தவை இன்று மலர்ந்திருந்தன.

முருக்கங்கொம்பு சதைப்பற்றானது. ஒடித்த பிறகும் அதன் உடம்பில் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும். அந்த ஈரத்தை வைத்துக்கொண்டு, வேரே இல்லாமல், இருந்த மொட்டுகளை எல்லாம் அது பூத்துத் தீர்த்துக்கொண்டிருந்தது. சாகப்போகிற கிளை என்று பார்த்தால் தெரியாது. அவ்வளவு அழகாக இருந்தது.

மான், முள்ளம்பன்றி, முயல் மூன்றும் பாறைக்கு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தன.

"பூத்திருக்கு, சரி. ஆனா உசுரோட இருக்கா?" என்று முள்ளம்பன்றி சந்தேகப்பட்டது.

"இதை நம்மால சொல்ல முடியாது. சிட்டம்மாவைக் கேளுங்க. பூவுக்குள்ள மூக்கை விட்டுப் பார்க்கறவ அவதானே" என்றது முயல்.

எல்லோருமாகத் தேன்சிட்டைக் கூப்பிட்டார்கள். அது வந்து ஒரு பூவுக்குள் அலகை விட்டது.

உள்ளே தேன் இல்லை. அடியில் ஒரு பொட்டு ஈரம் இருந்தது. அதுவும் புளித்திருந்தது. இன்னொரு பூவில் அந்த ஈரமும் இல்லை. இந்தக் கிளை பிழைக்காது என்று தேன்சிட்டுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

அலகை எடுத்துவிட்டுத் திரும்பியது. எதிரே குரங்கு நின்றது. முகமெல்லாம் பல்லாக, நல்ல வார்த்தைக்காகக் காத்துக்கொண்டு நின்றது. போன வாரம் கூட்டுக்கு வந்த காக்கையை விரட்டியது இந்தக் குரங்குதான். இத்தனை பேர் முன்னால் அதன் முகத்தைக் கறுக்க வைப்பதா?

"எப்படி இருக்கு சிட்டம்மா?" என்று குரங்கு கேட்டது.

"தித்திப்பா இருக்கு அண்ணே" என்றது தேன்சிட்டு.

"கேட்டீங்களா! தேன் ஊறுதுன்னா வேர் விட்டாச்சுன்னு அர்த்தம்!" என்று குரங்கு குட்டிக்கரணம் போட்டது.

தேன்சிட்டு வேர் என்று சொல்லவே இல்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. ஒரு கிளைதானே, போகட்டும் என்று நினைத்துக்கொண்டு கூட்டுக்குப் பறந்தது.

ஒரு கிளையோடு நிற்குமா? அன்று மாலைக்குள் மானுக்கு ஒன்று, முள்ளம்பன்றிக்கு ஒன்று, முயலுக்கு ஒன்று என்று குரங்கு ஒடித்துக் கொடுத்தது. கடைசியாக ஒரு கிளையைத் தூக்கிக்கொண்டு இலந்தைப் புதருக்கே வந்துவிட்டது.

"இது உனக்கு சிட்டம்மா. உன் வாயால நல்ல வார்த்தை சொன்னே. இனிமே ஓடையைத் தாண்டிப் பறக்க வேண்டாம். கூட்டுக்குக் கீழயே நட்டுத் தரேன். குந்தின இடத்துலயே குடி."

வேண்டாம் அண்ணே, அது மரத்திலேயே இருக்கட்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் குரங்கு வியர்க்க வியர்க்கச் சுமந்து வந்திருந்தது. ஆசையாகக் கொண்டுவந்ததை எப்படித் திருப்பி அனுப்புவது?

"உங்களுக்கு எதுக்கு அண்ணே இவ்வளவு சிரமம்" என்று மட்டும் சொன்னது. குரங்கு அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நட்டுவிட்டுப் போனது.

சில நாட்கள் காடு திருவிழாப்போல இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சிவப்புப் பூ. ஓடைமணலுக்குப் பூப்பார்க்க வருவது நின்றுபோனது. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்துப் பாராட்டிக்கொண்டார்கள். போகிற இடமெல்லாம் தேன்சிட்டையும் கூப்பிட்டார்கள்.

"என்னோடதை ருசி பாரு சிட்டு" என்றது மான்.

"தித்திப்பா இருக்கு அக்கா."

"என்னோடது?" என்றது முள்ளம்பன்றி.

"அதுவும்தான் மாமா."

இப்படிச் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் ஓடைக்கரை மரத்துக்குப் பறந்து போய்த் தேன் குடித்தது. அங்கே பூ குறைந்திருந்தது. பூச்சியும் குறைந்திருந்தது. குஞ்சுகள் கண் திறந்துவிட்டன. முன்பைவிட அகலமாக வாயைத் திறந்தன.

முதலில் வாடியது குரங்கு நட்ட கிளைதான். ஒரு காலையில் பூவெல்லாம் கொட்டிப்போய், கொம்பு சுருங்கி நின்றது. குரங்கு அதைப் பிடுங்கிப் பார்த்தது. அடியில் வேர் இல்லை. அழுகல் நாற்றம்தான் வந்தது.

எல்லோரும் வந்து பார்த்தால் என்ன சொல்வார்கள்? கைராசி கைராசி என்று தம்பட்டம் அடித்தானே, கடைசியில் இதுதானா என்று சிரிப்பார்கள். குரங்கு அக்கம்பக்கம் பார்த்தது. காய்ந்த கொம்பைப் பாறைக்குப் பின்னால் வீசியது. உச்சி வெயிலில், எல்லோரும் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து ஓடைக்குப் போய், புதுக் கிளை ஒன்றை ஒடித்து வந்து அதே குழியில் நட்டுவிட்டது.

அன்று மாலை மானின் கிளை தலை தொங்கியது. மான் பதறிப்போய்க் குரங்கின் பாறைப் பக்கம் ஓடிப் பார்த்தது. அங்கே பூ கொத்துக் கொத்தாக நின்றது.

"உன்னோடது எப்படி இருக்கு மானக்கா?" என்று குரங்கு கேட்டது.

"நல்லா இருக்கு அண்ணே. துளிர்கூட விடுது" என்றது மான்.

வேறு என்ன சொல்லும்? எல்லோருடையதும் பிழைத்து, தன்னுடையது மட்டும் செத்துப்போனால் கைராசி இல்லாதவள் என்று பெயராகிவிடும். அப்படிப் பெயர் வாங்கினவளை நல்லது கெட்டதுக்கு யார் கூப்பிடுவார்கள்? மான் தேன்சிட்டிடம் மட்டும் வந்து கண் கலங்கியது.

"சிட்டு, நீ உண்மையைச் சொல்லு. என் கையில ராசி இல்லையா? எனக்கு மட்டும் ஏன் இப்படி வாடுது?"

இது நல்ல சமயம், குழந்தைகளே. இதைவிட நல்ல சமயம் பிறகு வரவே இல்லை. 'உங்களுக்கு மட்டும் இல்லை அக்கா, எல்லாருடையதும் அப்படித்தான். ஆரம்பத்திலிருந்தே அதில் தேன் இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்போதும் மரத்தில் பாதிக்கு மேல் பூ இருந்தது.

ஆனால் அழுகிறவளிடம் போய் அதைச் சொல்வதா? முன்னே சொன்னது பொய் என்று ஆகாதா? நல்லவள் என்ற பெயர் என்னாவது?

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல அக்கா. உங்க கைக்கு என்ன குறை? வெயிலுக்குக் கொஞ்சம் சோர்ந்திருக்கும். நாளைக்கு நிமிர்ந்துடும்" என்றது தேன்சிட்டு.

மான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனது. மறுநாள் கிளை நிமிரவில்லை. அன்று உச்சிப்பொழுதில் மான் ஓடைக்கரைக்கு வந்தது. எட்டிய கிளையைப் பல்லால் கவ்வி இழுத்து ஒடித்தது.

முள்ளம்பன்றிக்கு ரோஷம் அதிகம். தன் கிளை காய்ந்ததைப் பிறர் பார்ப்பதைவிடச் சாவது மேல் என்று நினைத்தது. அதற்கு மரம் ஏற வராது. அதனால் மரத்தின் அடிப்பட்டையை உரித்து, தாழ்ந்திருந்த பெரிய கிளை ஒன்றின் அடியைக் கடித்துக் கடித்து அதைச் சாய்த்தது. பட்டை உரிந்த இடத்திலிருந்து நீர் கசிந்து வெயிலில் காய்ந்தது. முயல் பயந்தாங்கொள்ளி. மற்றவர்கள் இழுத்துப் போகும்போது முறிந்து விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டு போய் ஊன்றியது.

சில சமயம் இருவர் அங்கே எதிர்ப்பட்டுவிடுவார்கள்.

"என்ன முள்ளு மாமா, இந்த வெயில்ல?" என்று முயல் கேட்கும்.

"சும்மா, காத்து வாங்க வந்தேன். நீ என்ன தம்பி?"

"நானும் காத்துதான் மாமா."

காற்றே இல்லாத காட்டில் எல்லோரும் காற்று வாங்கினார்கள். மாலையில் ஒருவர் வாசலை ஒருவர் பார்த்து, "அடடா, இன்னும் வாடவே இல்லையே! நல்ல ராசி!" என்று வாயாரப் புகழ்ந்தார்கள். புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போய், தன் கை மட்டும் ஏன் இப்படி என்று குமைந்தார்கள்.

தேன்சிட்டு மேலிருந்து எல்லாவற்றையும் பார்த்தது. யார் எப்போது வந்தார்கள், எந்தக் கிளை போனது, எல்லாம் அதற்குத் தெரியும். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைக்கும். விடிந்ததும் யாராவது சிரித்துக்கொண்டே வந்து, "என்னோடது எப்படி சிட்டு?" என்பார்கள். அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிடும்.

"தித்திப்பு."

கூட்டுக்குக் கீழே நட்ட கிளை எப்போதோ காய்ந்து விறகாகிவிட்டது. குஞ்சுகளில் ஒன்று கத்துவதைக் குறைத்துக்கொண்டது.

கடைசியில் மரத்தில் ஒரே ஒரு கிளை மிஞ்சியது. உச்சியில், மெல்லிய கொம்பில், கொத்தாகப் பூத்திருந்தது. காட்டிலிருந்த தேனும் பூச்சியும் இப்போது அந்த ஒரு கொத்தில்தான் இருந்தன. பொழுதெல்லாம் அதிலேயே தொங்கிக்கொண்டு, கிடைத்ததைக் குஞ்சுகளுக்குக் கொண்டுபோனது தேன்சிட்டு. இது நின்றால் போதும், சிறகு முளைத்துவிடும் என்று நம்பியது.

அன்று உச்சி வெயிலில் குரங்கு வந்தது. மரத்தடியில் கால் வைக்கும்போதே மான் வந்தது. பின்னாலேயே முள்ளம்பன்றி வந்தது. புதருக்குள்ளிருந்து முயல் எட்டிப் பார்த்தது. நாலு பேரும் அந்தக் கிளையைப் பார்த்தார்கள்.

தேன்சிட்டு கீழ்க்கொம்புக்கு இறங்கி வந்தது.

"அண்ணே, அதை மட்டும் விட்டுடுங்க. என் குஞ்சுங்களுக்கு வேற வழி இல்ல."

"ஏன்? உன் கூட்டுக்குக் கீழ நட்டுக் கொடுத்தேனே. அதுல குடி" என்றது குரங்கு.

"அது செத்துப்போச்சு அண்ணே. அதுல தேனே இல்ல. நட்ட எதுலயும் இல்ல. முதல் நாளே இல்ல."

"தித்திப்புன்னு நீதானே சொன்னே?"

"பொய் சொன்னேன்."

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?" என்று குரங்கு திருப்பிக் கேட்டது. "தேன் முழுக்க உனக்கே வேணும். அதுக்காக இப்ப மாத்திப் பேசறே."

தேன்சிட்டு தவித்துப்போய் மற்றவர்களைப் பார்த்தது.

"மானக்கா, நீங்க சொல்லுங்க. உங்க கிளை காஞ்சு போச்சுதானே? என்கிட்ட வந்து அழுதீங்களே!"

மான் தலையைக் குனிந்துகொண்டது. இத்தனை பேர் முன்னால் எப்படி ஒப்புக்கொள்வது?

"நான் எங்க அழுதேன்? என்னோடது நல்லாத்தான் இருக்கு" என்றது.

"முள்ளு மாமா?"

"என் வீட்டுப் பூவுக்கு என்ன கேடு?" என்று முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டது.

"முயல் தம்பி, நீயாவது சொல்லேன்."

முயல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. "எல்லாருக்கும் எப்படியோ, எனக்கும் அப்படித்தான்" என்று முணுமுணுத்தது.

அவர்கள் சொன்னது எல்லாம் தேன்சிட்டு சொல்லிக் கொடுத்த பாடம்தானே.

குரங்கு விறுவிறுவென்று ஏறியது. தேன்சிட்டு அதன் முகத்துக்கு நேரே சிறகடித்தது. கண்ணைக் கொத்தப் போவதுபோல் பாய்ந்தது. குரங்கு ஒரு கையால் தள்ளிவிட்டு, மறுகையால் கிளையை ஒடித்தது.

கிளை கீழே வந்ததும் மான் ஒரு நுனியைக் கவ்வியது. முள்ளம்பன்றி நடுவில் பாய்ந்தது. குரங்கு குதித்து வந்து அடியைப் பிடித்து இழுத்தது.

"விடு! நான் ஒடிச்சது!"

"உனக்கு எதுக்கு? உன்னோடதுதான் வேர் விட்டாச்சே!"

"வேரும் இல்ல, மண்ணும் இல்ல! காஞ்சு போச்சு! அதனாலதான் கேக்கறேன்!"

"என்னோடதும் காஞ்சுதான் கிடக்கு!"

"என்னோடது மட்டும் பச்சையாவா இருக்கு?"

கத்திவிட்டு எல்லோரும் கிளையை நழுவ விட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளை துண்டு துண்டாகியிருந்தது. பூக்கள் மணலில் நசுங்கிக் கிடந்தன.

"அப்ப எல்லாருக்குமே இப்படித்தானா?" என்று மான் கேட்டது.

முயல் மெதுவாகத் தேன்சிட்டைப் பார்த்துச் சொன்னது: "நீ முதல் நாளே சொல்லியிருக்கலாமே சிட்டம்மா."

தேன்சிட்டு நசுங்கிய பூக்களில் ஒவ்வொன்றாக அலகை விட்டுப் பார்த்தது. தேன் மணலோடு கலந்திருந்தது. அலகில் மண்தான் வந்தது. அது எழுந்து கூட்டுக்குப் பறந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தேன்சிட்டு காடு முழுக்கச் சுற்றியது. குரங்கின் பாறை, மானின் வாசல், முள்ளம்பன்றியின் வளை, முயலின் புதர் என்று ஒவ்வொரு இடமாகப் போய், நட்டிருந்த குச்சிகளில் ஒரு பூவாவது இருக்கிறதா என்று தேடியது. எங்கேயும் இல்லை. பூ இல்லாத இடத்துக்குப் பூச்சியும் வரவில்லை. குரங்கு எங்கிருந்தோ ஒரு பழத்தைக் கொண்டுவந்து நீட்டியது. குஞ்சுகளால் அதை விழுங்க முடியவில்லை. மான் கூட்டுக்குக் கீழே நின்று அழுதது. அழுது என்ன செய்ய?

முதலில் ஒரு குஞ்சு வாய் திறப்பதை நிறுத்தியது. இன்னொன்று கொஞ்ச நேரம் தாயின் அலகைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வெறும் அலகு. பிறகு அதுவும் கண்ணை மூடிக்கொண்டது.

முருக்கமரமும் தேறவில்லை. கிளை எல்லாம் போய், அடிப்பட்டையும் உரிந்து, கோடை முழுக்க வெயிலில் நின்றது. காயத்தின் வழியாக வண்டு உள்ளே புகுந்தது. மரத்தில் ஒரு பூவாவது விட்டுவைத்திருந்தால் காய் பிடித்திருக்கும். காய் முற்றி வெடித்து, சிவப்பு விதை மணலில் உதிர்ந்திருக்கும். மழை வந்ததும் ஆளுக்கு ஒரு விதையை எடுத்துப் போய் அவரவர் வாசலில் ஊன்றியிருக்கலாம். வீட்டுக்கு வீடு முருக்கமரம் வந்திருக்கும். அந்தக் கோடைக்குப் பிறகு நல்ல மழைதான் பெய்தது. ஊன்றத்தான் யாரிடமும் விதை இல்லை.

மறு வருஷமும் மாசி வந்தது. காட்டில் புல் முளைத்திருந்தது; ஓடையில் கொஞ்சம் தண்ணீர்கூட இருந்தது. பழைய வழக்கத்தில் ஒவ்வொருவராக ஓடைக்கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்தார்கள். எதிரே கறுத்த அடிமரம் நின்றது. அதன் மேல் தேன்சிட்டு உட்கார்ந்திருந்தது.



"இந்த வருஷம் கொஞ்சம் தாமதமாப் பூக்கும்போல" என்றது முயல்.

"ஆமா, மழை நல்லாப் பெஞ்சிருக்கு. மெதுவாத்தான் வரும்" என்றது முள்ளம்பன்றி.

குரங்கு தலையாட்டியது. மான் ஆசையோடு அண்ணாந்து பார்த்தது. "பூக்கும்தானே சிட்டு? நீ மேலேருந்து பார்க்கறியே, எங்கயாவது துளிர் தெரியுதா?"

எல்லா முகங்களும் தேன்சிட்டின் பக்கம் திரும்பின. போன வருஷம்போலவே நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்த முகங்கள்.

"பூக்காது. மரம் செத்துப்போச்சு" என்றது தேன்சிட்டு.

அதைச் சொல்ல அதற்கு ஒரு மூச்சு நேரம்தான் ஆனது. ஒருவருக்கும் கோபம் வரவில்லை. ஒருவரும் அதைக் கெட்டவள் என்று சொல்லவில்லை. எல்லோரும் எழுந்து, மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு, வந்த வழியே நடந்தார்கள். தேன்சிட்டு ஓடையைத் தாண்டிப் பறந்தது. இலந்தைப் புதரில் அதன் வெறும் கூடு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

நீதி: பிறர் முகம் வாடக்கூடாது என்று மறைத்த உண்மை, கடைசியில் நம் வீட்டு விளக்கையே அணைத்துவிடும்.